கோடை இரவில் ஒரு நகர அருங்காட்சியகம்: நியூயார்க்கும் நாமும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் மறைந்தவரைப் புகழ்ந்துவிட்டு மாலையைக் கழற்றி வைப்பது என்றாகிவிட்ட காலம் இது. இந்த மேடையில் அந்த வழக்கம் இல்லை. ஆகவே நினைவு என்பதையே இன்று பேசுபொருளாக எடுத்துக்கொள்வோம். ஒரு மனிதரை நினைவில் வைத்திருக்க அவருடைய வீட்டாரும் தோழர்களும் போதும். ஒரு மக்கள் கூட்டத்தை நினைவில் வைத்திருக்க அது போதாது. அதற்குக் கட்டடம் வேண்டும், அலமாரி வேண்டும், பட்டியல் வேண்டும், சம்பளம் வாங்கிக்கொண்டு பாதுகாக்கும் ஆள் வேண்டும். நகரங்கள் அதற்காகத்தான் நகர வரலாற்று அருங்காட்சியகங்களைக் கட்டுகின்றன. யாருடைய பொருள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் போகிறது, யாருடைய பொருள் குப்பை வண்டிக்குப் போகிறது என்பதுதான் நமக்குக் கேள்வி. நியூயார்க்கின் ஒரு கோடை இரவை வைத்து இதைப் பார்க்கலாம்.

ஐந்தாம் அவென்யூவில் ஒரு கொண்டாட்டம்

நியூயார்க் நகர அருங்காட்சியகம் 1923இல் தொடங்கப்பட்டது. 1932 முதல் ஐந்தாம் அவென்யூவில், 103ஆம் தெருவுக்கும் 104ஆம் தெருவுக்கும் நடுவில், சென்ட்ரல் பூங்காவைப் பார்த்தபடி நிற்கிறது. அதற்கு அடுத்த கட்டடத்தில் எல் மியூசியோ டெல் பாரியோ என்னும் போர்ட்டோ ரிக்கோ மக்களின் அருங்காட்சியகம். கோடை வந்தால் இரண்டும் சேர்ந்து மாலை வேளைகளில் 'அப்டவுன் பவுன்ஸ்' என்றொரு விழா நடத்துவது வழக்கமாகியிருக்கிறது. கட்டணம் கிடையாது. டிஜே இசை, ஆட்டம், குழந்தைகளுக்கு வண்ணப்பட்டறை, உள்ளே போனால் கண்காட்சி. இது போதாதென்று 1970களின் கடைசியிலிருந்து ஜூன் மாதச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அந்த அவென்யூவின் ஒரு பகுதியில் வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டு, வரிசையாக இருக்கும் அருங்காட்சியகங்கள் எல்லாம் மாலை ஆறிலிருந்து ஒன்பதுவரை இலவசமாகத் திறந்துவிடுகின்றன. அந்த மாதத்தில் அங்கே பொழுது சாய எட்டரை ஆகிவிடும். வெக்கையில் வீட்டுக்குள் இருக்க முடியாத சனம் தெருவுக்கு வருகிறது.

அருங்காட்சியகம் எதற்கு இரவில் திறக்க வேண்டும்? உலகம் முழுவதும் அருங்காட்சியகங்களின் வழக்கமான நேரம் காலை பத்திலிருந்து மாலை ஐந்து. அது யாருக்குத் தோதான நேரம் என்று யோசித்தால் விடை தெரியும். சுற்றுலாப் பயணிக்கு, ஓய்வூதியருக்கு, பள்ளிக்கூடம் கூட்டிவரும் பிள்ளைகளுக்கு. கடையிலும் சமையலறையிலும் அடுத்தவர் வீட்டிலும் வேலை செய்கிறவர்களுக்கு அது வேலை நேரம். கதவில் எவரையும் உள்ளே விடாதே என்று எழுதி ஒட்ட வேண்டியதில்லை. திறக்கும் நேரமும் நுழைவுச்சீட்டும் அந்த வேலையைச் சத்தமில்லாமல் செய்துவிடும். கோயில் நுழைவுக்குப் போராடிய வழியில் வந்த நமக்கு இது புரியாத சங்கதி அல்ல. நுழையக்கூடாது என்ற சட்டம் போன பிறகும் நுழைய முடியாமல் வைத்திருக்கிற ஏற்பாடுகள் நீடிக்கும்.

இன்னொன்று, அந்தக் கட்டடங்கள் நிற்கிற இடம். மன்ஹாட்டனின் கிழக்குப் பகுதியில் 96ஆம் தெருவை ஒரு கோடாகச் சொல்வார்கள். அதற்குத் தெற்கே பெரும் பணக்காரர்களின் அடுக்கு மாளிகைகள். வடக்கே கிழக்கு ஹார்லெம்; போர்ட்டோ ரிக்கோ மக்களும் கறுப்பின மக்களும் வாழும் பகுதி. பார்க் அவென்யூவில் ஓடும் ரயில் பாதை இந்தக் கோட்டைத் துல்லியமாகக் காட்டிக்கொடுக்கும். தெற்கே பணக்காரர் வீடுகளுக்கு அடியில் சுரங்கத்தில் ஓடிவரும் ரயில், 97ஆம் தெருவில் வெளியே வந்து, ஏழைகளின் சன்னல்களுக்கு நேராகக் கல்பாலத்தின் மேல் தடதடத்துக்கொண்டு போகும். ஊர் எங்கே முடிகிறது, சேரி எங்கே தொடங்குகிறது என்பதை நம் கிராமத்தில் ஓடையோ புளியமரமோ காட்டுவதுபோல அங்கே தண்டவாளம் காட்டுகிறது. நகர அருங்காட்சியகம் இந்தக் கோட்டுக்கு வடக்கே, ஆனால் ஐந்தாம் அவென்யூவைப் பார்த்து நிற்கிறது. முகம் பூங்காவுக்கு, முதுகு கிழக்கு ஹார்லெமுக்கு. கோடை இரவின் கொண்டாட்டம், முதுகுப்பக்கம் வாழ்கிறவர்களை முன்வாசலுக்கு அழைக்கும் ஒரு முயற்சி.

1969

இந்த அழைப்பு யாருடைய நல்ல மனத்தாலும் வந்துவிடவில்லை. அதற்கு 1969ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும்.

அந்த ஆண்டு ஜனவரியில், இதே அவென்யூவில் தெற்கே இருக்கும் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் 'ஹார்லெம் ஆன் மை மைண்ட்' என்று ஒரு பெரும் கண்காட்சி வைத்தது. ஹார்லெமைப் பற்றிய கண்காட்சி. சுவரெங்கும் ஹார்லெம் மக்களின் புகைப்படங்கள். ஆனால் ஹார்லெமின் ஓவியர் ஒருவரின் ஓவியமோ சிற்பமோ அங்கே இல்லை. கறுப்பினக் கலைஞர்கள் வாசலில் மறியல் செய்தார்கள். 'எங்களைப் படம் பிடித்து மாட்டுவாய், நாங்கள் வரைந்ததை மாட்ட மாட்டாயா?' என்பதே அந்த மறியலின் சாரம். நமக்கு நன்கு பழகிய கேள்வி இது. நம்மைப் பற்றி எழுத எவருக்கும் தடையில்லாத ஒரு இலக்கிய உலகத்தில், நாம் எழுதியபோதுதானே 'இது இலக்கியமா?' என்று கேட்டார்கள்?

அதே ஆண்டில், தங்கள் பிள்ளைகளின் பாடத்தில் தங்கள் பண்பாடு ஒரு வரிகூட இல்லையே என்று கிழக்கு ஹார்லெமின் போர்ட்டோ ரிக்கோப் பெற்றோரும் ஆசிரியர்களும் எழுப்பிய குரலிலிருந்து எல் மியூசியோ டெல் பாரியோ பிறந்தது. ரஃபேல் மொன்டான்யெஸ் ஓர்டிஸ் என்ற கலைஞர் அதைத் தொடங்கினார். ஆரம்பத்தில் அது ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறை. சொல்ல வேண்டியது இருந்ததால் வகுப்பறையில் உட்கார்ந்தது எல் மியூசியோ. 1977இல்தான் அது ஐந்தாம் அவென்யூவுக்கு வந்து சேர்ந்தது. இன்று கோடை இரவில் இரண்டும் சேர்ந்து விழா எடுக்கின்றன என்றால், அந்த இரண்டாவது கட்டடம் அங்கே இருப்பதே ஒரு போராட்டத்தின் விளைவு என்பதை மறக்கக் கூடாது.

அந்த 1969 கோடையில் நடந்த மூன்றாவது நிகழ்ச்சிதான் நம்மோடு அதிகம் பேசுகிறது. யங் லார்ட்ஸ் என்ற இளைஞர் அமைப்பு கிழக்கு ஹார்லெம் மக்களிடம் போய், 'உங்களுக்கு முதலில் என்ன பிரச்சினை தீர வேண்டும்?' என்று கேட்டது. மக்கள் சொன்ன விடை: குப்பை. மாநகராட்சி வண்டி அங்கே ஒழுங்காக வருவதில்லை. இளைஞர்கள் தாங்களே தெருவைக் கூட்டத் தொடங்கினார்கள். துப்புரவுத் துறையிடம் துடைப்பம் கேட்டார்கள், கொடுக்கவில்லை. எடுத்துக்கொண்டு வந்தார்கள். கூட்டிய குப்பையை அள்ள ஆள் வராதபோது, அதை மூன்றாம் அவென்யூவின் நடுவில் குவித்துப் போக்குவரத்தை மறித்தார்கள், தீயும் வைத்தார்கள். நகரத்துக்குக் கண் திறந்தது.

பிற்காலத்தில், 2015இல், அந்த இளைஞர்களின் வரலாற்றை எல் மியூசியோ உட்பட மூன்று இடங்களில் கண்காட்சியாக வைத்தார்கள். நகர அருங்காட்சியகமும் 2012 முதல் நியூயார்க்கின் போராட்ட வரலாற்றுக்கென்றே ஒரு கூடம் ஒதுக்கியிருக்கிறது. சுவரெழுத்து ஓவியங்களின் கதையும் இதுதான். ரயில் பெட்டிகளில் இளைஞர்கள் தீட்டியதைக் குற்றம் என்று சொல்லிப் பெரும் செலவில் நகரம் கழுவித் தள்ளியது. மார்ட்டின் வோங் என்ற ஓவியர் அந்த இளைஞர்களின் ஆக்கங்களைத் தேடிச் சேர்த்து 1994இல் நகர அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். இன்று அது அந்த அருங்காட்சியகத்தின் பெருமைகளில் ஒன்று. கோடை இரவில் ஒலிக்கும் டிஜே இசைக்கும் வேர் தெருவில்தான். 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்க்ஸில் ஒரு குடியிருப்பில் நடந்த விருந்தை ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். சாவு வீட்டில் பாடிய கானா மேடை ஏறியதையும், பறையைத் தொட மறுத்த சபைகளில் பறை ஒலித்ததையும் கண்ட தலைமுறை நாம். இந்தப் பயணம் நமக்குத் தெரிந்த பாதை.

ஆனால் ஒரு எச்சரிக்கையும் வேண்டும். இசையை வாசலில் வைப்பது எளிது. ஆட்டம் முடிந்து கலைந்த பிறகு கோப்பைகளையும் காகிதங்களையும் கூட்டி அள்ளுவது யார், அவருடைய பெயர் உள்ளே எங்காவது இருக்கிறதா என்று கேட்டால்தான் விழாவின் உண்மையான எல்லை தெரியும்.

கை குலுக்கிய கலை, கொட்டிலில் ஒரு காட்சியகம்

இந்தக் கேள்விக்கு நியூயார்க்கில் இரண்டு விடைகள் உண்டு. இரண்டும் பெரிய அருங்காட்சியகத்துக்கு வெளியே கிடைத்தவை.

மியர்லே லேடர்மன் யூக்லெஸ் என்ற பெண் கலைஞர் 1977இல் ஊதியமில்லாமல் நகரத் துப்புரவுத் துறையின் கலைஞராகச் சேர்ந்தார். 1979–80இல் நகரத்தின் எல்லாத் துப்புரவுக் கொட்டில்களுக்கும் போய், சுமார் 8,500 தொழிலாளர்கள் ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துக் கை குலுக்கி, இந்த நகரத்தை உயிரோடு வைத்திருப்பதற்காக நன்றி சொன்னார். அந்தக் கைகுலுக்கலே அவருடைய கலைப்படைப்பு. அதன் பெயரிலேயே 'தொடுதல்' இருக்கிறது. துப்புரவுத் தொழிலாளியைத் தொடுவது ஒரு கலைச் செயல் என்று அங்கே ஒருவர் கருதியிருக்கிறார். இங்கே அதே தொழிலாளிக்குத் தண்ணீர் கொடுக்கத் தனிக் குவளை வைத்திருந்த வீடுகளை நாம் அறிவோம்.

இரண்டாவது, நெல்சன் மோலினா என்ற துப்புரவுத் தொழிலாளியின் வேலை. கிழக்கு ஹார்லெமில் வேலை பார்த்த அவர், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, வீடுகள் வெளியே வீசிய பொருள்களில் கண்ணுக்குப் பட்டதை எடுத்துவந்து 99ஆம் தெருவில் உள்ள துப்புரவு வண்டிக் கொட்டிலின் மேல்தளத்தில் வரிசையாக அடுக்கினார். படங்கள், பொம்மைகள், தட்டச்சுப் பொறிகள், கண்ணாடிப் பாத்திரங்கள், குடும்பப் புகைப்படங்கள் என்று பல்லாயிரம் பொருள்கள். நகர அருங்காட்சியகத்துக்கு நாலைந்து தெரு தள்ளி, குப்பை வண்டிக்காரர் ஒருவர் இன்னொரு நகர அருங்காட்சியகத்தை உண்டாக்கிவிட்டார். ஒரு நகரம் எதை வைத்திருக்க விரும்புகிறது என்பது முதல் கட்டடத்தில் தெரியும். எதைக் கழித்துக்கட்டுகிறது என்பது இந்தக் கொட்டிலில் தெரியும்.

இங்கே ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் போனால் ஒப்பீடு பொய்யாகிவிடும். நியூயார்க்கில் துப்புரவு வேலை தேர்வு எழுதிப் பெறும் நகர அரசு வேலை. தொழிற்சங்கமும் ஓய்வூதியமும் உண்டு. இழிவுப் பார்வை அங்கேயும் இருக்கிறது. ஆனால் அந்த வேலை ஒரு குறிப்பிட்ட சாதியில் பிறந்தவரின் தலையில் பிறப்பிலேயே எழுதப்படுவதில்லை. இங்கே அப்படி எழுதப்பட்டிருக்கிறது. வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்டபோது சம்பளமும் பாதுகாப்பும் மாறின. கூட்டுகிற கைகளின் சாதி மாறவில்லை.

காலுக்குக் கீழே உள்ள வரலாறு

அருங்காட்சியகத்தின் வாசலில் நின்றால் எதிரே தெரியும் அழகான பூங்காவுக்கும் ஒரு கதை உண்டு. 1825இல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற 25 வயதுக் கறுப்பின இளைஞர், காலணிக்கு மெருகு போடும் தொழில் செய்தவர், 125 டாலர் கொடுத்து மூன்று மனைகள் வாங்கினார். அப்படி உருவான குடியிருப்பு செனகா வில்லேஜ். கறுப்பின ஆண்கள் வாக்களிக்க 250 டாலர் மதிப்புள்ள நிலம் வைத்திருக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலம் விதித்திருந்த காலம் அது. ஆகவே அந்த நிலம் வெறும் நிலம் அல்ல, வாக்குரிமை. 1855இல் அங்கே சுமார் 225 பேர். மூன்று தேவாலயங்கள், ஒரு பள்ளிக்கூடம். பூங்கா அமைக்க வேண்டும் என்று 1857இல் எல்லோரையும் கிளப்பிவிட்டார்கள். அப்போதைய செய்தித்தாள்கள் அவர்களை ஆக்கிரமிப்பாளர்கள் போலவே சித்திரித்தன. பஞ்சமி நிலத்தின் கதையும், நகரத்தின் அழகுக்காகக் கரையோரக் குடிசைகளைப் பெயர்த்துக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய்க் கொட்டிய கதையும் தெரிந்த நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நகரத்தின் தென்கோடியில், 1991இல் ஒரு அரசு அலுவலகக் கட்டடத்துக்கு அடித்தளம் தோண்டியபோது ஆப்பிரிக்க அடிமை மக்களின் இடுகாடு வெளிப்பட்டது. 419 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. வேலையை நிறுத்து என்று கறுப்பின மக்கள் போராடினார்கள். எலும்புகளை யார் ஆராய்வது என்பதிலும் தலையிட்டு, கறுப்பினப் பல்கலைக்கழகமான ஹோவர்டுக்கு அந்தப் பொறுப்பைப் பெற்றுத் தந்தார்கள். 2003இல் உரிய மரியாதையோடு மறு அடக்கம் நடந்தது. 2006இல் அந்த இடம் தேசிய நினைவுச் சின்னமானது. சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு இன்றும் பிணத்தோடு காத்திருக்கும் ஊர்கள் உள்ள நாட்டில், இடுகாட்டை வரலாறாக்கிய இந்தப் போராட்டத்தை நாம் ஊன்றிப் படிக்க வேண்டும்.

அந்த நகரத்தில் நமக்கும் ஒரு தடம் உண்டு. 1913 ஜூலை மாதம், கோடை நடுவில், பரோடா மன்னரின் உதவித்தொகையோடு 22 வயது இளைஞராக அம்பேத்கர் நியூயார்க் வந்து இறங்கினார். கொலம்பியா பல்கலைக்கழகம் ஹார்லெமுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1916 மே மாதம் இந்தியாவில் சாதிகள் குறித்த புகழ்பெற்ற கட்டுரையை அங்கேதான் படித்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1946இல், கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதி, கறுப்பின மக்கள் ஐக்கிய நாடுகள் அவையிடம் கொடுத்த விண்ணப்பத்தைப் பற்றி விசாரித்தார். டு பாய்ஸ் பதிலும் எழுதினார். அந்தக் கடிதங்கள் இன்றும் நம் கைக்குக் கிடைப்பதற்குக் காரணம், டு பாய்ஸின் தாள்களை ஒரு பல்கலைக்கழகம் பொறுப்போடு காத்து வைத்ததுதான். 2023இல் குயின்ஸ் பகுதியின் உட்சைடில், குரு ரவிதாஸ் கோயில் இருக்கும் தெருவுக்கு அம்பேத்கர் பெயரும் சூட்டப்பட்டது. செருப்புத் தொழிலாளியாக வாழ்ந்த ஞானியின் வழிவந்தவர்கள், குடியேறிப் போன நகரத்தின் பெயர்ப்பலகையில் பாபாசாகேப்பை எழுத வைத்திருக்கிறார்கள்.

நம் இரவு

இப்போது சென்னைக்கு வருவோம். எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. நம் சனம் அதற்கு வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. கிண்டலாகச் சொன்னாலும் சரியாகத்தான் சொன்னார்கள். உயிரோடிருக்கும் மனிதரின் வாழ்வுக்கும் அந்தக் கட்டடத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்ற அனுபவம் அந்தச் சொல்லில் இருக்கிறது. அங்கே உள்ள அமராவதி பௌத்தச் சிற்பங்கள் நமக்கு உறவானவை. அந்த உறவை 1898லேயே பண்டிதர் அயோத்திதாசர் உணர்ந்து சாக்கிய பௌத்த சங்கம் கண்டார். 1907 முதல் ராயப்பேட்டையிலிருந்து இதழ் நடத்தினார்.

அந்த இதழ்கள் நம் கைக்கு எப்படி வந்தன? அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தம் வீட்டில், தம் சொந்தக் காசில், கரையானிடமிருந்தும் மழையிடமிருந்தும் காப்பாற்றி வைத்திருந்தார்கள். அவற்றைக் கொண்டுதான் ஞான. அலாய்சியஸ் 1999இல் அயோத்திதாசர் சிந்தனைகளைத் தொகுத்து வெளியிட முடிந்தது. நம் ஆவணக் காப்பகங்கள் நம் வீட்டுப் பரணும் டிரங்குப் பெட்டியும்தான். அந்தப் பெட்டிகளைத் திறந்து பார்த்து இது இன்னது என்று சொல்லத் தெரிந்த தலைமுறை இப்போது போய்க்கொண்டிருக்கிறது. ஒரு வீடு காலி செய்யப்படும்போது, ஒரு பெரியவர் காலமாகும்போது, இரவுப்பள்ளிக்கூடப் பதிவேடும் சங்கத்து ரசீதுப் புத்தகமும் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடுகின்றன.

இன்னொரு இரவையும் சொல்ல வேண்டும். 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள், தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதே என்று ரிப்பன் மாளிகை முன்னால் 13 நாள் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். 13ஆம் நாள் நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. நகரத்தின் ஆட்சி நடக்கும் மாளிகையின் வாசலில், அந்த நகரத்தைத் தினமும் கூட்டியவர்கள் கழித்த இரவுகள் அவை. சென்னையின் வரலாறு என்று ஒரு கூடம் நாளை அமையுமானால், அந்த இரவுகளுக்கு அங்கே என்ன பொருள் சாட்சி சொல்லும்? கையால் எழுதிய ஓர் அட்டை, ஒரு அடையாள அட்டை, விரித்துப் படுத்த ஒரு பாய் எங்கேயாவது பத்திரமாக இருக்கிறதா? 1921இல் புளியந்தோப்பில் எரிந்த குடிசைகளுக்கு அரசாங்கக் கோப்புகள் மட்டுமே சாட்சியாக மிஞ்சியதுபோல, இதற்கும் காவல்துறைக் கோப்பு மட்டுமே மிஞ்ச விடலாமா?

ஆகவே இந்த மன்றத்தின் முன் மூன்று வேலைகளை வைக்கிறோம். முதலாவது, நம் ஒவ்வொரு வீட்டிலும் உள்ள துண்டறிக்கை, புகைப்படம், சங்கப் பதிவேடு, தொழில் கருவி ஆகியவற்றைப் பட்டியல் எடுப்பது. பொருள் அந்தந்த வீட்டிலேயே இருக்கட்டும்; யாருடையது, எந்த ஊர், எந்த ஆண்டு என்ற குறிப்பும் ஒரு படமும் மன்றத்திடம் இருக்க வேண்டும். இரண்டாவது, தூய்மைப் பணியில் இருக்கும் பெண்களின் வாய்மொழியை அவர்கள் பேசுகிறபடியே பதிவு செய்வது. அவர்கள் விரும்பினால் மட்டும், அவர்கள் சொல்லும் பெயரில். மூன்றாவது, வரும் கத்திரி வெயில் காலத்தில், அருங்காட்சியகம் நம்மை அழைக்கும் என்று காத்திராமல், நம் தெருவிலேயே ஓர் இரவு நடத்துவது. வேலை முடிந்து எல்லோரும் வந்த பிறகு, எட்டு மணிக்குத் தொடங்குவோம். கயிற்றுக் கட்டிலும் பெஞ்சுமே காட்சி மேடை. பொருளுக்கு உரியவரே பக்கத்தில் நின்று அதன் கதையைச் சொல்லட்டும். பறையும் கானாவும் உண்டு. முடிந்ததும் தெருவைக் கூட்டுவது விழாவுக்கு வந்த எல்லோருடைய வேலை; எந்த ஒரு சாதிக்காரரும் அதற்கென்று வரவழைக்கப்பட மாட்டார்.

அரசாங்கத்திடம் கேட்க வேண்டியதையும் கேட்போம். நகரத்துக்கென வரலாற்று அருங்காட்சியகம் வேண்டும், உழைக்கிறவர் வந்து பார்க்கும் நேரத்தில் அது திறந்திருக்க வேண்டும், அதன் குழுவில் நம் ஆட்கள் இருக்க வேண்டும். கேட்கப் போகும்போது கையில் பட்டியலோடு போவோம். கிழக்கு ஹார்லெமின் பெற்றோர் ஒரு வகுப்பறையில் தொடங்கினார்கள். நம்மிடம் தெரு இருக்கிறது.

பட்டியல் எடுக்கும் வேலைக்குப் பெயர் கொடுக்க விரும்புவோர், கூட்டம் முடிந்ததும் மன்றச் செயலாளரிடம் கொடுக்கலாம். ஜெய்பீம்.